புதுப்பிப்பு: 1,80,000 ரூபாய் கார்டு பாக்கி

என் கிரெடிட் கார்டு பாக்கியைக் குறைந்த வட்டிக்குத் தங்களிடம் மாற்றிக்கொள்ள இரண்டு வங்கிகள் மறுத்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கார்டு பாக்கியை அடைக்கலாம் என்று நீங்கள் சொன்னபடி, அவரிடம் வாய் திறந்தேன். திட்டிக்கொண்டேதான் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். ஆண்டுக்கு 9 சதவீதத்தில் நகைக்கடன் கிடைத்தது. மாத வட்டி 1,350 ரூபாய். கார்டில் மாதம் 3.5 சதவீதம், அதாவது 6,300. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,134! குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்ததால், புதிதாக வாங்கிய மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியிருக்கிறது. இதுகூடத் தெரியாமல் ஒன்றரை ஆண்டு இருந்திருக்கிறேன்.

பாக்கியைக் குறைத்துக் கட்டி முடிக்கலாம் என்று கார்டு வங்கியிலிருந்து ஆசை காட்டினார்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' (முழுதாகக் கட்டாமல் முடித்தது) என்று பதிவாகிவிடும் என்பதால் மறுத்து, நகைக்கடன் பணத்தில் முழுவதையும் கட்டிவிட்டேன். நிலுவையில்லாச் சான்றிதழ் இன்னும் வரவில்லை.