உதவி தேவை: பழைய 650 இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் கால் மைல் ஓட்டத்தில் மூன்றாம் கியரில் சோர்ந்துவிடுகிறது

நானுஓயா650: வணக்கம். 1968 ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் பொனவில் எஞ்சினை டிராக் ஓட்டத்துக்காக (கால் மைல் நேர்ப்பாதை வேகப் பந்தயம்) உயர் அழுத்தப் பிஸ்டன், ரேஸ் கேம், பெரிய வால்வுகள் போட்டு மாற்றியமைத்திருக்கிறேன். இங்கே மலைநாட்டில் குறையின்றி ஓடுகிறது. ஆனால் கரையோரத்தில், களுத்துறைப் பக்கமுள்ள கட்டுக்குருந்த ஓடுபாதையில் மூன்றாம் கியரில் அக்சிலேட்டரை முழுவதும் திறந்தால் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை எழுந்து வேகம் ஏறாமல் நின்றுவிடுகிறது. அடுத்த ஓட்டம் நெருங்கிவிட்டதால் விரைவாகப் பதில் தாருங்கள்.

ஹட்டன் கராஜ்: தம்பி, சிலிண்டரின் அழுத்த விகிதம் என்ன, மெயின் ஜெட் (முழு வேகத்தில் கார்புரேட்டரில் பெற்றோல் பாயும் துளை) எண் என்ன, 92 ஒக்டேன் பெற்றோலா 95 பெற்றோலா, ஓட்டம் முடிந்ததும் பிளக் என்ன நிறத்தில் இருந்தது? ஜெட்டை எந்த ஊரில் வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பதுளை பாயிண்ட்: எனக்கு இக்னிஷன் மீதுதான் சந்தேகம். இந்த எஞ்சினுக்கு முழு முன்னேற்றம், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விழவேண்டிய அளவு, 38 பாகை. இரண்டு சிலிண்டர்களுக்கும் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் தனித்தனியாக இருப்பதால், ஒன்று சரியாக இருக்கும்போதே மற்றொன்று பல பாகை முந்திவிடக்கூடும். ஸ்ட்ரோப் விளக்கைப் பிடித்து ஒவ்வொரு பக்கத்தையும் சோதியுங்கள்.

பண்டாரவளை அண்ணன்: பெற்றோல் போதவில்லை என்றே நான் நினைக்கிறேன். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, நிமிடத்துக்கு அரை லீட்டராவது தடையின்றி வருகிறதா என்று அளந்து பாருங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் மூன்றாம் கியருக்குள் கார்புரேட்டர்க் கிண்ணம் வற்றிவிடும்.

நானுஓயா650: விகிதம் 10.5, ஜெட் 190, பெற்றோல் 92. பிளக் வெள்ளை. நுவரெலியாவில்தான் ஜெட் பார்த்தேன்.

மூத்த மெக்கானிக்: அடிப்படையைப் படிக்காமல் எஞ்சினைத் திறப்பவர்களுக்கு இதே பதிலை நான் பலமுறை எழுதிவிட்டேன், மீண்டும் எழுதுகிறேன், இம்முறையாவது பொறுமையாகப் படியுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிரையும் கணக்கில் சேர்த்தாலும் அங்குள்ள காற்றின் அடர்த்தி கரையோரத்தை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறையும் அளவுக்குக் கார்புரேட்டர் பெற்றோலைக் குறைப்பதில்லை. அடர்த்தியின் வர்க்கமூலத்தின் அளவுக்கே அது குறைகிறது. அதனால் மேலே சரியாகத் தெரியும் ஜெட், கீழே இறங்கியதும் எட்டு ஒன்பது வீதம் சிறிதாகி, கலவையில் பெற்றோல் குறைந்து மெலிந்துவிடுகிறது; பிளக் வெள்ளையானது அதனால்தான். உங்கள் அமல் கார்புரேட்டரின் ஜெட் எண் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீட்டர் பாய்கிறது என்பதையே குறிப்பதால், உங்கள் 190 கரையோரத்தில் 205 அல்லது 210 ஆக இருக்க வேண்டும். இதற்கு மேலாக, கரையோரத்தில் காற்றழுத்தமும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடுதல். மலையில் 10.5 விகிதத்தைப் பொறுத்துக்கொண்ட 92 பெற்றோல் அங்கே தானாக வெடிக்கிறது. நீங்கள் கேட்ட ஓசை அதுதான். நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்துக்குப் பொருத்தமான ஜெட்டைக் களுத்துறைப் பக்கம் கொண்டுபோனால் வேறென்ன நடக்கும்?

கொட்டகலை வேகம்: இத்தனை கணக்கு எதற்கு? மெதனோலுக்கு மாறினால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும், 12 விகிதம் வரையும் தாங்கும்.

பதுளை பாயிண்ட்: மெதனோலுக்குப் பெற்றோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் பாய வேண்டும். ஜெட், ஊசி வால்வு, டேங்கின் பெற்றோல் டேப் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். அமல் கார்புரேட்டரின் உடலை அது அரிக்கும் என்பதால் ஓடிய அன்றே பெற்றோல் விட்டுக் கழுவவும் வேண்டும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. தீயணைப்பு ஏற்பாடு இல்லாத இடத்தில் ஓர் இளைஞருக்கு இதைச் சொல்லவே கூடாது.

கொட்டகலை வேகம்: டிராக் ஓட்டம் ஓடுகிறவர்கள் அதையெல்லாம் கற்றுக்கொண்டுதான் ஓடுகிறார்கள். கழுவினால் கார்புரேட்டருக்கு ஒன்றும் ஆகாது.

மூத்த மெக்கானிக்: பெற்றோல் ஜெட்டையே சரியாகத் தேர்ந்தெடுக்காத எஞ்சினுக்கு மெதனோல் மருந்தாகாது. கேட்டவரின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பண்டாரவளை அண்ணன்: ஜெட்டைப் பெரிதாக்கினால் டேப்பின் பாய்ச்சல் இன்னும் அவசியமாகிறது. நான் சொன்னதையும் சேர்த்தே பாருங்கள்.

நானுஓயா650: ஜெட் 210, பெற்றோல் 95, இக்னிஷன் இரண்டு பாகை பின்னுக்கு வைத்து மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். இறுதி வரை இழுத்தது, ஓசை இல்லை. அனைவருக்கும் நன்றி.

ஹட்டன் கராஜ்: மிக்க மகிழ்ச்சி. ஆனால் பழைய பிளக்குகளின் வெள்ளைப் பீங்கானில் வெள்ளி போல் மின்னும் சிறு துகள்கள் இருந்தனவா? இருந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். இனி ஓடுவதற்கு முன் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலைகளையும் வளையங்களுக்கு மேலுள்ள விளிம்பையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.