ஏஜென்சிக்கு லைசென்ஸ் இல்லையாம்: மூன்று வாரச் சம்பளம் கிடைக்குமா?

கேள்வி கேட்டவர்:
வணக்கம். ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஊரில் பன்னிரண்டு ஆண்டுகள் கம்பி கட்டியவன் என்பதால், இங்கும் ஓர் ஏஜென்சி மூலம் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் அதே வேலை கிடைத்தது. நேற்றுக் காலை சைட் வாயிலில் சூப்பர்வைசர் எங்கள் ஆறு பேரையும் நிறுத்தி, உங்களை அனுப்புகிறவருக்கு லைசென்ஸ் இல்லை, இனி உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார். மூன்று வாரச் சம்பளம் பாக்கி இருக்கிறது. ஏஜென்சிக்காரர் போனை எடுக்கவில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு, புகார் என்று போனால் விசா போய்விடும் என்று குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார். லைசென்ஸ் இல்லாதவரிடம் வேலை செய்ததற்காக என்மீது வழக்கு வருமா?

சிட்னியிலிருந்து ஒருவர்:
தம்பி, உங்களை யாரோ நன்றாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வைட் கார்டு என்ற பாதுகாப்புப் பயிற்சி அட்டை போதும். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குத் தனி லைசென்ஸ் என்று ஒன்றும் கிடையாது. நான் 2009இல் வந்தபோது ஏழு பேர் ஓர் அறையில் படுத்துக்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்குப் பெட்ரோல் பங்க் ஓரத்தில் வேனுக்காக நின்றவன். ஜூலைக் குளிரில் கம்பியைத் தொட்டால் உறை போட்ட கையும் மரத்துப்போகும். அப்போதெல்லாம் யாரும் எந்தக் காகிதமும் கேட்டதில்லை.

பிரிஸ்பேனிலிருந்து ஒருவர்:
அண்ணன் சொல்வது தவறு. எங்கள் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2018 ஏப்ரல் முதல் லைசென்ஸ் கட்டாயம். இல்லாதவரிடமிருந்து ஆள் எடுக்கும் நிறுவனமும் சட்டத்தில் மாட்டும். ஆனால் இவருடைய உண்மையான சிக்கல் வேறு என்று தோன்றுகிறது. மாணவர் விசா என்றால் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கட்டட வேலையில் அது ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நான் மாணவன் அல்ல, அண்ணா. மனைவி முதுகலை படிக்கிறார். அவரைச் சார்ந்த விசாவில் வந்திருக்கிறேன். எனக்கு மணிக்கணக்கு வரம்பு இல்லை.

பெர்த்திலிருந்து ஒருவர்:
இதை எழுதுவதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. என்னை ஏமாற்றியவரும் தமிழர்தான். முதல் மாதம் பேஸ்லிப் தந்தார். பிறகு ஏபிஎன் என்ற தொழில் பதிவு எண்ணை எடுத்துக்கொள், நீயே காண்ட்ராக்டர் என்றார். விடுப்பும் போயிற்று, முதலாளி கட்ட வேண்டிய சூப்பர் என்ற ஓய்வுக்காலச் சேமிப்பும் போயிற்று. கோயில் திருவிழாவில் பார்த்தால் கும்பிடு மட்டும் குறையாது.

சிட்னியிலிருந்து ஒருவர்:
நம்மவரிடம் வேலைக்கே போகக்கூடாது என்பதுதான் என் கொள்கை.

பிரிஸ்பேனிலிருந்து ஒருவர்:
நம்மவர் இல்லாவிட்டால் முதல் வேலையை யார் கொடுத்திருப்பார்கள்? உங்களை அந்த வேனில் ஏற்றியவர் யார்?

மெல்பேர்ணிலிருந்து ஒருவர்:
சற்றுப் பொறுங்கள். நான் இங்கே ஒரு கட்டட நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். தம்பி எந்த மாநிலத்தில் வேலை செய்தார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. இந்த அனுமதிப்பத்திரம் மாநிலச் சட்டத்தின்படி வருவது; நியூ சவுத் வேல்ஸில் இல்லை, விக்டோரியாவில் உண்டு. ஆகவே மேலே சொன்ன இருவரும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
மன்னிக்கவும், அக்கா. வீடு நியூ சவுத் வேல்ஸ் எல்லையோர ஆல்பரியில், ஏஜென்சியும் ஆல்பரிதான். சைட் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வோடோங்காவில். தினமும் வேனில் பாலம் தாண்டிப் போவோம்.

மெல்பேர்ணிலிருந்து ஒருவர்:
பாலம் தாண்டியதும் நீங்கள் விக்டோரியாவில் நிற்கிறீர்கள். ஏஜென்சி எங்கே இருந்தாலும், விக்டோரியாவில் வேலைக்கு ஆள் வழங்கினால் அது இங்குள்ள தொழிலாளர் வழங்கல் ஆணையத்திடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பேராசிரியர் அந்தோணி ஃபோர்சைத்தின் 2016 விசாரணை அறிக்கைக்குப் பிறகு வந்த 2018ஆம் ஆண்டுச் சட்டம் இது. 2019 அக்டோபர் 30 முதல் அனுமதி இல்லாமல் ஆள் வழங்குவது குற்றம். நிறுவனங்களுக்கான உச்ச அபராதம் ஆறு லட்சம் டொலருக்கும் மேல் என்பதால்தான் உங்கள் சூப்பர்வைசர் வாயிலிலேயே நிறுத்திவிட்டார். கட்டுமானத் துறையைப் பற்றி 2024இல் எழுந்த குற்றச்சாட்டுகளை விக்டோரிய அரசுக்காக ஆராய்ந்த கிரெக் வில்சனும், ஆணையத்துக்கு இன்னும் அதிகாரம் தர வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தார். இந்தத் தண்டனை ஆள் வழங்கியவருக்கும் எடுத்தவருக்கும் உரியது. வேலை செய்தவருக்கு இல்லை.

ஒரு கேள்வி: அன்றாடம் எந்தத் தளத்தில் என்ன கட்ட வேண்டும் என்று உங்களுக்குச் சொன்னவர் யார்?

கேள்வி கேட்டவர்:
கட்டட நிறுவனத்தின் ஃபோர்மேன்தான். ஏஜென்சிக்காரர் எங்களை இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

மெல்பேர்ணிலிருந்து ஒருவர்:
அப்படியானால் இது ஆள் வழங்கல்தான். மொத்த வேலையையும் ஒப்பந்தமாக எடுத்துத் தன் மேற்பார்வையாளரை வைத்துச் செய்து முடிக்கும் துணை ஒப்பந்தக்காரர் என்றால் நிலைமை வேறாக இருந்திருக்கும். பழைய சம்பளச்சிட்டையை எடுத்து, அதிலுள்ள பதினொரு இலக்க ஏபிஎன்னை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பெயரை வைத்துத் தேட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
தேடினேன், அக்கா. வேனில் எழுதியிருக்கும் பெயருக்குப் பதிவேட்டில் லைசென்ஸ் இருக்கிறது. பேஸ்லிப்பில் அதே பெயரோடு கடைசியில் ‘குரூப்’ என்று ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது. அந்த ஏபிஎன்னுக்கு ஒன்றும் வரவில்லை.

மெல்பேர்ணிலிருந்து ஒருவர்:
அந்த இரண்டையும் இன்றே படம் பிடித்து வையுங்கள். ஆணையம் அனுமதியைத்தான் பார்க்கும்; சம்பள பாக்கிக்கு நீங்கள் போக வேண்டிய இடம் மத்திய அரசின் ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன் என்ற தொழிலாளர் குறைதீர்ப்பு அலுவலகம். இரண்டு இடத்திலும் தனித்தனியே புகார் கொடுங்கள். அரசு மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450க்கு அழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்து ஃபேர் வொர்க்கின் 13 13 94க்குப் பேச வைப்பார்கள். அங்கே தீராவிட்டால் ஒரு லட்சம் டொலர் வரையிலான கோரிக்கைக்கு நீதிமன்றத்தில் எளிய நடைமுறை இருக்கிறது. பாக்கி விழுந்து ஆறு ஆண்டுகள் வரை கேட்கலாம். அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். விசா நிலையைக் காட்டி மிரட்டித் தொழிலாளரைச் சுரண்டுவது 2024 ஜூலை முதல் குற்றம்.

சிட்னியிலிருந்து ஒருவர்:
நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், தம்பி. எந்த நாளில் எத்தனை மணி நேரம் வேலை என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? என்னிடம் அது இல்லாமல்தான் இரண்டு மாதக் காசை விட்டேன்.

கேள்வி கேட்டவர்:
வாயிலில் தினமும் கையெழுத்துப் போடும் பதிவேடு உண்டு. அதை நான் படம் எடுக்கவில்லை. ஆனால் மதியம் வீட்டுக்குப் பேசும்போது அன்றன்று கட்டிய தளத்தை மனைவிக்குப் படமாக அனுப்புவேன். மூன்று வாரப் படங்களும் நேரத்தோடு அவர் போனில் இருக்கின்றன.

மெல்பேர்ணிலிருந்து ஒருவர்:
அவை போதும், தொடங்குங்கள். மற்ற ஐந்து பேரையும் சேர்த்துக்கொண்டு திங்கள் காலை அழையுங்கள்.