வேலையைப் பற்றிய வேதபாடம்: நல்ல கேள்விகள் தேவை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சம்பா அறுவடை முடிந்ததும் மயிலாடுதுறைப் பக்கத்துச் சபையில் 40 நிமிஷ வேதபாடம் நடத்துகிறோம்: அன்றாட வேலையும் விசுவாசமும். நடவுப் பெண்கள், கொத்தனார்கள், மிஷின் டிரைவர்கள் வருவார்கள். நிலம் வைத்திருப்பவர்களும்தான்.

ஆதியாகமம் 2:15-இல் தொடக்கம். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தும் வேலை, ஆதாம் பாவம் செய்வதற்கு முன்பே கொடுக்கப்பட்டது. முள்ளும் வேர்வையும் பாவத்துக்குப் பின், 3-ஆம் அதிகாரத்தில்தான். வேலையே சாபம் என்பவர்கள் இந்த வரிசையைப் பார்ப்பதில்லை.

சிக்கல் கொலோசெயர் 3:23-இல். 'கர்த்தருக்கென்றே செய்யுங்கள்' என்பதை மட்டும் பிரித்தெடுத்தால் கூலியாளுக்குப் புத்திமதி, முதலாளிக்கு நிம்மதி என்றாகிவிடும். அது வேலைக்காரருக்கு எழுதியது. 4:1 எஜமான்கள் பக்கம் திரும்புகிறது. இரண்டையும் சேர்த்தே வாசித்து, உபாகமம் 24:15 (பொழுதுபோகுமுன் கூலி), யாக்கோபு 5:4 (வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி) இரண்டுக்கும் போவதாகத் திட்டம். நெல் பணம் வரும்வரை கூலி பாக்கி நிற்கும் இடங்களில் இது உறைக்கும். உறைக்கட்டும்.

அறுவடை மிஷின் வந்தபின் வேலைநாள் குறைந்துபோன பெண்களிடம் வேலையை 'தேவ அழைப்பு' என்று எப்படிப் பேசுவது? வயலிலிருந்தே எழும் 5 கேள்விகள் யாராவது தர முடியுமா? 'வேலை கடவுள் தந்ததா?' மாதிரி வேண்டாம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள்.