நோயுற்ற அத்தையைப் பார்த்துக்கொள்வதும் இறைத்திருவுளத்துக்குக் கையளிப்பதும்: ஒரு கேள்வி

பெருமாள்மலை வாசகி எழுதியது:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. கணவர் வாடகை ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன்பே கிளம்பினால் இரவுதான் திரும்புவார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். அத்தை விழுவதற்கு முன்பு நாள்தோறும் காலைத் திருப்பலிக்குப் போவேன். மரியாயின் சேனைக் கூட்டத்தைத் தவறவிட்டதே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகூடப் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தால்தான் கோவிலுக்குப் போக முடிகிறது.

கடந்த தவக்காலத் தியானத்தில் குருவானவர் ஒருவர், அவரவர் நிலைக்குரிய கடமைகளை முணுமுணுக்காமல் செய்வதுதான் இறைத்திருவுளத்துக்கு நம்மைக் கையளிக்கும் நேரான வழி என்று போதித்தார். கேட்டபோது ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதன்படி நடக்க முயலும்போதுதான் கேள்விகள் எழுகின்றன.

இந்த ஐப்பசி மழையில் துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. அத்தையின் விரிப்புகளை அடுப்படியில் கயிறு கட்டி, விறகடுப்பின் சூட்டில் காயவைக்கிறேன். விடியற்காலை நாலரை மணிக்கு, புகை வாடை ஏறிய அந்த விரிப்பை எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். அந்த நேரத்தில் "ஆண்டவரே, உமக்காக" என்று சொல்ல முயல்கிறேன். சொல் வாயில் வருகிறது. மனத்தில் எதுவும் வருவதில்லை. செபமாலையைத் தொடங்கினால் இரண்டாவது பத்து மணிகளைச் சொல்லி முடிக்கும் முன்பே தூங்கிவிடுகிறேன். இது கையளித்தல்தானா, அல்லது என் அலுப்புக்கு நானே வைத்துக்கொண்ட பக்தியான பெயரா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கொழுந்தனார் குடும்பம் வத்தலக்குண்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை வந்து, அத்தையின் கையைப் பிடித்து அழுதுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வாரமாவது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அது முணுமுணுப்பாகிவிடுமோ, கடவுள் எனக்கென்று வைத்த சிலுவையை நானே இறக்கி வைப்பதாகிவிடுமோ என்று பயம். கேட்காமல் இருந்தாலோ மனம் கசந்துபோகிறது. அந்தக் கசப்போடு அத்தையைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது என் கை சற்றுக் கடுமையாக நடந்துகொள்வதை நானே உணர்கிறேன். எல்லாவற்றையும்விட எனக்கு வேதனை தருவது அதுதான். அறிந்தவர்கள் விளக்கும்படி வேண்டுகிறேன்.

தாண்டிக்குடி உபதேசியார் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் உபதேசியாராக இருந்துவிட்டு இப்போது காப்பித் தோட்டத்தோடு இருப்பவன் நான். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன்.

புனித பிரான்சிஸ் சலேசியார் இறைத்திருவுளத்தை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, கட்டளைகளாலும் நம் நிலைக்குரிய கடமைகளாலும் நமக்கு முன்பே தெரிவிக்கப்பட்ட திருவுளம். அதை நாம் செய்ய வேண்டும். மற்றொன்று, நம்மைக் கேட்காமல் வந்து சேரும் நிகழ்வுகளில் தெரியவரும் திருவுளம். அதை நாம் ஏற்க வேண்டும். செய்ய வேண்டியதை ஏற்றுக்கொண்டு சும்மா இருப்பதும், ஏற்க வேண்டியதை மாற்றியே தீருவேன் என்று முட்டிமோதுவதும்தான் பெரும்பாலும் நம்மைக் குழப்புகின்றன. அத்தைக்குப் பக்கவாதம் வந்தது நீங்கள் ஏற்க வேண்டியது. விரிப்பைத் துவைப்பது நீங்கள் செய்ய வேண்டியது.

எங்கள் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில்தான் மழையும் வரும். மழை கடவுளின் கையில் இருக்கிறது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் களத்தில் காயும் காப்பியின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடுவது என் கையில் இருக்கிறது. மழை கடவுள் அனுப்பியதுதானே என்று காப்பியை நனையவிடுகிறவனைப் பக்திமான் என்று எந்தப் புனிதரும் சொல்லமாட்டார்.

செபிக்க நேரமில்லை என்பதைப் பற்றி: பிறரன்புப் புதல்வியர் சபையை 1633இல் நிறுவிய புனித வின்சென்ட் தே பவுல், செப வேளையில் ஏழை ஒருவர் கூப்பிட்டால் எழுந்து போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போவதுதான் என்று அச்சகோதரிகளுக்குக் கற்பித்தார். திருப்பலியை விட்டு அத்தையின் கட்டிலுக்குப் போகும்போது நீங்கள் ஆண்டவரை விட்டு விலகவில்லை. மனத்தில் உணர்வு வராததும் குறையன்று. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவருக்கு வந்தது இனிமையான உணர்வன்று, வியர்வைதான். "என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே நிகழட்டும்" என்பது மனம் உருகிச் சொன்ன வார்த்தை என்பதைவிட, மனத்தைத் திருப்பி நிறுத்திச் சொன்ன வார்த்தை என்றே நான் நினைக்கிறேன்.

கொழுந்தனார் விஷயத்தில் சற்றுப் பொறுங்கள் என்பதே என் கருத்து. புனித ஜேன் பிரான்சிஸ் ஷாந்தால் 1601இல் கணவரை வேட்டை விபத்தில் இழந்து, நான்கு குழந்தைகளோடு மாமனார் வீட்டுக்குப் போய், அங்கே அதிகாரம் செலுத்திய பணிப்பெண்ணுக்கு அடங்கி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பொறுமையாக வாழ்ந்தார். பொறுமை வீணாவதில்லை. திருவருகைக்காலம் முடியும்வரை, அதாவது கிறிஸ்துமஸ்வரை, செபித்துவிட்டுப் பிறகு பேசலாம்.

கொடைக்கானல் செவிலியர் எழுதியது:

உபதேசியார் ஐயா சொன்ன தார்ப்பாய் உவமை மிகச் சரியானது. அதே உவமை அவருடைய கடைசிப் பத்திக்கும் பொருந்தும் என்பதைப் பணிவோடு சொல்கிறேன். கொழுந்தனார் வராமல் இருப்பது மழையன்று. அவர் தம் கடமையைச் செய்யாமல் இருப்பது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2218ஆம் எண்ணில், வளர்ந்த பிள்ளைகள் முதுமையிலும் நோயிலும் பெற்றோருக்குப் பொருளுதவியும் மனத்துணையும் தர வேண்டும் என்கிறது. ஒரு மகனுக்கு மட்டும், அதிலும் அவனுடைய மனைவிக்கு மட்டும், என்று அங்கே எழுதவில்லை. மாற்கு 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் "கொர்பான்" என்று காணிக்கையாக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்வோரை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை வாசித்துப் பாருங்கள்.

புனித ஷாந்தால் பொறுத்துக்கொண்டது தமக்கு நேர்ந்த அவமதிப்பை. இங்கே தாமதத்தின் விலையைப் படுக்கையில் இருக்கிற ஒருவரின் உடல் கொடுக்கிறது. இதை நான் செவிலியராகச் சொல்கிறேன். தாமாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். அதுவும் தோல் விரிப்பில் உராயாதபடி புரட்ட வேண்டும். களைத்துப்போன கை இழுத்துத்தான் புரட்டும். படுக்கைப் புண் பெரும்பாலும் அன்பில்லாத வீட்டில் வருவதில்லை, ஆள் போதாத வீட்டில் வருகிறது. உங்கள் கை கடுமையாவதை உணர்ந்தேன் என்று எழுதினீர்களே, அதைப் பாவமாக மட்டும் எண்ணிக் கலங்க வேண்டாம். உதவி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி.

விடுதலைப் பயணம் 18ஆம் அதிகாரத்தில், காலை முதல் மாலைவரை தனியாக மக்களுக்கு நீதி வழங்கிக்கொண்டிருந்த மோசேயிடம், நீர் செய்வது சரியன்று, இது உம்மால் தனியாகச் செய்ய இயலாத பணி என்று சொல்கிறவர் அவருடைய மாமனார் இத்திரோ. கடவுளே நேரில் அழைத்த மோசே அதைக் கேட்டு, பொறுப்பைப் பகிர்ந்துகொடுத்தார். பிரான்சின் புனிதக் கன்னியரான குழந்தை தெரேசாவின் தந்தை லூயி மர்த்தேன் மனநிலை குலைந்து நோயுற்றபோது, குடும்பத்தார் 1889 முதல் 1892 வரை அவரைக் கான் நகரத்து மருத்துவமனையில் வைத்துப் பராமரித்தார்கள். அதனால் அவர்களுடைய அன்பு குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி உபதேசியார் எழுதியது:

செவிலியர் அம்மா சொல்வதை ஏற்கிறேன். நோயாளியின் உடலை நான் கணக்கில் எடுக்கவில்லை. காத்திருக்க வேண்டாம், சகோதரி. ஆனால் பேசுகிறவர் உங்கள் கணவராக இருக்கட்டும். தம்பியிடம் அண்ணன் பேசுவதுதான் முறை.

செண்பகனூர் ஆசிரியர் எழுதியது:

கொழுந்தனார் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். சகோதரியின் முதற்கேள்வி இன்னும் பாதி நிற்கிறது: உணர்வே இல்லாத ஒப்புக்கொடுத்தல் ஒப்புக்கொடுத்தலாகுமா?

இந்தக் கேள்விக்குத் திருச்சபையில் நீண்ட வரலாறு உண்டு. கையளித்தல் என்றால் நாம் எதையும் செய்யாமல், எதையும் விரும்பாமல் செயலற்றுக் கிடப்பது என்று மிகேல் தெ மோலினோஸ் என்ற குரு உரோமையில் போதித்தபோது, 1687இல் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட் அந்தப் போதனையைக் கண்டனம் செய்தார். அதற்குப் பிறகு கையளித்தலைப் பற்றிப் பேசுவதற்கே பலர் அஞ்சினார்கள். அந்த அச்சம் நீங்காத காலத்தில்தான், பிரெஞ்சு இயேசு சபைக் குருவான ழான் பியேர் தெ கொசாத், நான்சி நகரத்துக் கன்னியருக்கு வழிகாட்டினார். ஒவ்வொரு கணமும் தன்னோடு கொண்டுவரும் கடமையே அந்தக் கணத்துக்கான அருளடையாளம், கடவுளின் அருள் நம்மிடம் வரும் வழி, என்பது அவர் பெயரில் நமக்கு வந்திருக்கும் போதனையின் சாரம். அந்தப் போதனையைக் கொண்ட நூல் முழுவதும் அவர் எழுதியதுதானா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். கருத்தின் உறுதி அதனால் குறையவில்லை.

அந்த நூலை 1861இல் அச்சேற்றிய ஆன்ரி ராமியேர்தான், செபத்தின் அப்போஸ்தலர் சபையை உலகமெங்கும் பரப்பியவர். அந்தச் சபையின் தொடக்கத்தில் நம் மண்ணுக்கும் பங்கிருக்கிறது. 1844இல் பிரான்சின் வால்ஸ் என்னும் ஊரில் படித்துக்கொண்டிருந்த இளம் இயேசு சபையினர், மதுரை மறைப்பணித் தளத்திலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு, எப்போது கப்பல் ஏறுவோம் என்று படிப்பில் மனம் செல்லாமல் தவித்தார்கள். டிசம்பர் 3ஆம் நாள், புனித சவேரியார் திருநாளன்று, அவர்களுடைய ஆன்ம குரு கோத்ரெலே, இப்போது உங்கள் கையில் இருக்கும் பாடத்தையும் வேலையையும் சிரமத்தையும் கடவுளுக்கு ஒப்புக்கொடுங்கள், அதுவே உங்கள் மறைப்பணி என்று சொன்னார். நம் பாட்டிமார் விடியற்காலையில் சொல்லும் ஒப்புக்கொடுத்தல் செபத்தை வீடுதோறும் பரப்பியது இச்சபைதான். நாள் முழுவதையும் காலையிலேயே ஒருமுறை கொடுத்துவிட்டால், வேலைக்கு நடுவில் ஒவ்வொரு முறையும் உணர்வைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

தூக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். குழந்தை தெரேசாவும் செப வேளையில் தூங்கிவிடுவதுண்டு; விழித்திருக்கும் குழந்தையைப் போலவே தூங்கும் குழந்தையும் பெற்றோருக்கு இனியதுதான் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். அதே தெரேசா, எதிலும் மனநிறைவு கொள்ளாத முதிய கன்னியர் ஒருவரை மாலைதோறும் கோவிலிலிருந்து உணவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போனார். வேகமாக நடந்தாலும் குறை, மெதுவாக நடந்தாலும் குறை. அவருக்கு ரொட்டியை வெட்டச் சிரமமாக இருப்பதைக் கண்டு, கேட்காமலேயே வெட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு புன்னகையோடு விடைபெறுவார். அந்த முதியவரின் மனத்தைத் தொட்டது அந்தப் புன்னகைதான் என்று பிறகு தெரியவந்தது.

நம் கொடைக்கானல் சலேத் மாதா கோவிலுக்கு ஆகஸ்டில் திருவிழாவுக்குப் போகிறோம். 1846 செப்டம்பர் 19இல் லா சலேத் மலையில் அன்னை காட்சி கொடுத்தது மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்கும் ஒரு சிறுவனுக்கும். நன்றாகச் செபிக்கிறீர்களா என்று அவர் கேட்டார், அவ்வளவாக இல்லை என்றார்கள். காலையும் மாலையும் செபியுங்கள், அதிகம் முடியாதபோது ஒரு விண்ணகத் தந்தையும் ஒரு அருள்நிறை மரியும் மட்டுமாவது சொல்லுங்கள், நேரமிருக்கும்போது கூடுதலாகச் சொல்லுங்கள் என்று அன்னை சொன்னார். நாலரை மணிக்கு அடுப்படியில் நிற்கும் உங்களுக்கு அது போதும், சகோதரி.

பெருமாள்மலை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கணவர் தம்பியிடம் பேசினார். முதலில் மௌனமாக இருந்தவர், பிறகு, அண்ணி ஒருமுறையும் கேட்டதில்லையே, நாங்கள் வந்து தலையிட்டால் தப்பாக நினைப்பார் என்றிருந்தோம் என்று சொன்னாராம். அவர்கள் வீடு மாடியில் இருப்பதால் அத்தையைக் கொண்டுபோக முடியாது. கொழுந்தனார் மனைவி சனிக்கிழமை காலை பேருந்தில் வந்து ஞாயிறு மாலை வரை இருக்கிறார். சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவசரமாக ஓடிவராமல் நற்கருணைமுன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் தூங்கிவிட்டேன்.

செவிலியர் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மற்ற நாள்களில் நான் தனி ஆள். அத்தைக்கு இடக்கை, இடக்கால் வராது. இழுக்காமல் புரட்டுவது எப்படி?

கொடைக்கானல் செவிலியர் எழுதியது:

எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்களோ அந்தப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். உங்களுக்கு எட்டத்தில் இருக்கும் முழங்காலை மடித்து வையுங்கள்; அந்தப் பக்கத்துக் கையை அவர் மார்பின்மேல் வையுங்கள். பிறகு ஒரு கையை எட்டத்துத் தோளிலும் மறு கையை எட்டத்து இடுப்பிலும் வைத்து, உங்களை நோக்கி மெதுவாக உருட்டுங்கள். இடக்கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். தோள் மூட்டு விலகிவிடும். இடப்பக்கமாகப் படுக்கவைக்கும்போது அந்தத் தோள் உடலுக்கு அடியில் மடங்கி நசுங்காதபடி கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. புரட்டும் முன் "அத்தை, இப்போது திரும்பப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பயம் இல்லாவிட்டால் உடல் விறைக்காது.