தை பிறக்கும் முன்பே எடைக் குறைப்புக்குத் தயாரான அனுபவம்: நம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

உச்சிப்புளி டீச்சர்:

தை பிறந்ததும் எடை குறைக்கத் தொடங்கலாம் என்று இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்கழியைச் சும்மா விடாதீர்கள். தொடங்குகிற நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வேலையெல்லாம் அதற்கு முந்தைய மாதத்தில் இருக்கிறது. நான் அப்படிச் செய்து பலன் கண்டவள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மாதச் சாமான் சீட்டைக் கையில் எடுத்தேன். என்ன சாப்பிடக் கூடாது என்று ஒரு பட்டியல் போடுவதைவிட, வீட்டுக்குள் என்ன வருகிறது என்று பார்ப்பது சுலபம். நாங்கள் பெரியவர்கள் நான்கு பேர், மாதம் ஏழு லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குக் கொழுப்பும் எண்ணெயும் சேர்த்து 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் ஆளுக்கு ஏறக்குறைய 900 மில்லி. நாலு பேருக்கு மூன்றரை லிட்டரைச் சற்றுத் தாண்டும். எங்கள் வீட்டில் அது இரட்டிப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

சீட்டை அத்தையிடம் காட்டினேன். "எண்ணெயக் குறைச்சா மீனு சட்டியில ஒட்டிக்கிடுமே தாயி" என்றார்கள். நியாயமான கேள்வி. அதற்காகவே மார்கழியில் சில நாள் தோசைக்கல்லில் கொஞ்சமாக எண்ணெய் தடவி, தீயைக் குறைத்து, மூடிபோட்டு வேகவைத்துப் பார்த்தோம். மசாலாவைக் கெட்டியாகப் பிசைந்து ஊறவைத்தால் ஒட்டவில்லை. சட்டி நிறைய எண்ணெய் ஊற்றிப் பொரிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று அத்தையே முடிவு செய்தார்கள். அந்த முடிவு என் வாயிலிருந்து வந்திருந்தால் நின்றிருக்காது.

தேங்காய்தான் யோசிக்க வைத்தது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு தென்னை. காசு கொடுத்து வாங்காத பொருள் சீட்டிலும் வராது, கணக்கிலும் வராது. நூறு கிராம் தேங்காயில் ஏறக்குறைய 350 கலோரி. நூறு கிராம் அரிசியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குழம்புக்கு ஒரு மூடி, சட்னிக்கு ஒரு மூடி, பொரியலுக்குத் துருவல் என்று போனால் எங்கே நிற்கும்? குழம்புக்குத் தேங்காய் என்றால் அன்றைக்குச் சட்னிக்குத் தக்காளி. இதை மார்கழியிலேயே நாக்குக்குப் பழக்கிவிட்டோம். கருப்பட்டியையும் சீட்டில் சர்க்கரையோடு சேர்த்தே எழுதச் சொன்னேன். கருப்பட்டிக் காபி எடையைக் கூட்டாது என்று நம்புகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். கலோரிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம் மீன்காரம்மா. அவர் வாசலில் கூடையை இறக்கினால் என்ன கொண்டு வந்திருக்கிறாரோ அதுதான் எங்கள் சமையல். ஆகவே அவரிடமும் முன்கூட்டியே பேசினேன். "பொங்கல் கழிஞ்சு குழம்பு மீனாக் கொண்டாங்க. நகரை, ஊளி, மத்தி எது கிடைச்சாலும் சரி" என்றேன். "கடல் கொந்தளிச்சா மீனே வராதே, அப்ப என்னத்தத் திம்பிய?" என்று திருப்பிக் கேட்டார். நான் யோசிக்காத இடம் அது. மீன் வராத நாளில் எங்கள் வீட்டில் கருவாடுதான். கருவாட்டுக் குழம்பு என்றால் சோறு தானாக இன்னொரு தட்டு இறங்கும், உப்பும் அதிகம். அவர் கேட்ட பிறகுதான் முட்டையும் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் சீட்டில் ஏறின.

நடக்கிற இடத்தையும் முதலிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். மார்கழி விடியலில் ராமேஸ்வரம் சாலை ஐயப்ப பக்தர்களின் வேன்களால் நிறைந்திருக்கும். இருட்டில் ஓரத்தில் நடப்பது ஆபத்து. அரியமான் கடற்கரை மணலில் நடக்கலாம் என்றால் கால் புதைந்து, பழக்கமில்லாதவர்களுக்கு மூட்டு வலி வந்துவிடுகிறது. கடைசியில் பள்ளி மைதானத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்து வீட்டு அக்காவையும் துணைக்குப் பேசி வைத்தேன்.

மருத்துவரைப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். எடை பார்க்கும் முன் இடுப்பைத்தான் அளந்தார். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் தாண்டினால் கவனிக்க வேண்டுமாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொன்னார். "இருபது கிலோ குறைக்கணும்னு ஆரம்பிக்காதீங்க டீச்சர். இப்ப இருக்கிற எடையில அஞ்சு சதவீதம் போதும், அதுக்கே சர்க்கரையிலயும் பிரஷர்லயும் மாற்றம் தெரியும்" என்றார். 80 கிலோ இருப்பவருக்கு அது நாலு கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோ என்று மெதுவாகப் போகலாம். கேட்டதுமே மனது லேசானது.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு விரதம் பேசுவது எனக்குப் பிடிக்காது. காணும் பொங்கல் முடிந்த மறுநாள்தான் தொடங்கினேன். அன்றைக்குப் புதிதாகச் செய்ய ஒன்றுமே மிச்சம் இல்லை.

பாம்பன் விசைப்படகு:

டீச்சர் எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். எல்லாம் சரி, ஆனால் எங்களுக்குத் தைக் கணக்கு ஒத்து வராது. எங்களுக்கு உடம்பு போடுவது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கடலில் இருக்கும்போது வலை இழுத்து, மீன் பிரித்து, ஐஸ் பெட்டி தூக்கி, எவ்வளவு சோறு தின்றாலும் செரித்துவிடும். கரைக்கு வந்த பிறகும் அதே வயிறு அதே அளவு கேட்கும். வேலை மட்டும் இருக்காது.

நான் தவக்காலத்திலேயே தயாராகிவிடுவேன். அந்த நாற்பது நாளும் வீட்டில் சாப்பாடு அடக்கமாகத்தான் இருக்கும். ஈஸ்டர் முடிந்ததும் பழைய அளவுக்குப் போகாமல் அப்படியே தொடர்வது என்று நானும் வீட்டுக்காரியும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வோம். உலையில் போடுகிற அரிசியை அவள் குறைப்பாள். தட்டில் குறைத்தால் கோபம் வரும், உலையிலேயே குறைத்தால் வராது. இது நான் கண்ட உண்மை.

விடியலில் பாம்பன் சாலைப் பாலத்தில் நடப்போம், நாலைந்து பேர் சேர்ந்து. பாலம் 2.3 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் நாலரை. கச்சான் காற்று பலமாகிவிட்டால் மேலே நடக்க முடியாது, அந்த நாட்களுக்குப் படகுப் பராமரிப்பு வேலையை ஒதுக்கி வைத்திருப்பேன். சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் ஆளை விட்டுச் செய்யாமல் நானே செய்வேன்.

தடைக்காலமும் பதநீர்க் காலமும் ஒன்றாக வரும். உடம்புக்கு நல்லது என்று செம்பு செம்பாகக் குடிக்கிறார்கள் தம்பிமார். நூறு மில்லியில் பத்து கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது அதில். நுங்கு சாப்பிடுங்கள், பெரும்பகுதி தண்ணீர்தான்.

கீழக்கரை லாத்தா:

எங்களுக்கு, ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதம்தான் மார்கழி மாதிரி. நோன்பு வைத்தால் எடை குறையும் என்று வெளியில் நினைக்கிறார்கள். நோன்பு திறந்ததும் கஞ்சியோடு வடை, சமோசா, கட்லெட், சர்பத் என்று போனால் பெருநாளில் உடுப்பு இறுகத்தான் செய்யும்.

ரமலானுக்கு முந்தைய வாரம் இங்கே வீடு வீடாகச் சமோசா மடித்து ஃப்ரீசரில் அடுக்குவது வழக்கம். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் மஃரிபுக்கு, அதாவது நோன்பு திறக்கிற நேரத்துக்கு, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும், அவ்வளவுதான். நான் மாமியிடம், "ஃப்ரீசர்ல அந்த இடத்த எனக்குத் தாங்க மாமி" என்று கேட்டு வாங்கினேன். அவித்த கொண்டைக்கடலை, கஞ்சிக்கு நறுக்கிய காய்கறி, தோல் உரித்த கோழித் துண்டு என்று நிரப்பிவிட்டேன். பிள்ளைகளுக்குச் சமோசா வெள்ளிக்கிழமை மட்டும். விடியும் முன் சாப்பிடுகிற சஹருக்கு முட்டை உண்டு. இரவு தராவீஹ் தொழுகைக்குப் பிறகு சாப்பாடு இல்லை என்று மாமியும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

வெளிநாட்டுக்குப் போகிற பார்சலுக்காகத் தொதல் இனிப்பு வாங்கினால் அன்றைக்கே கட்டி அனுப்பிவிடுங்கள். வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால் பாதி போய்விடும்.

மண்டபம் நர்ஸ்:

லாத்தா எழுதியதைப் பார்த்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோன்பு வைக்காமல் வெறுமனே சோற்றைக் குறைப்பவர்களுக்கும் இது பொருந்தும். கிளிமிபிரைட் போன்ற மாத்திரை பழைய அளவிலேயே இருக்க, சாப்பாடு மட்டும் திடீரென்று குறைந்தால் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கம் வரும். டயட் தொடங்கிய முதல் வாரத்திலேயே அப்படி வருபவர்களை வார்டில் பார்க்கிறேன். மனது கஷ்டப்படுகிறது, ஏனென்றால் முன்கூட்டி ஒரு தடவை கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம், சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன் என்று சொல்லி வையுங்கள். அளவை மாற்ற எங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று வழி சொல்வார்கள்.

இன்னொன்று. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று சூழ்நிலையோடு சேர்த்து முடிவு எடுத்து வைப்பவர்கள், வெறும் ஆசையோடு இருப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று அதில் விளக்கியிருக்கிறார். டீச்சரிடம் மீன்காரம்மா கேட்ட கேள்வி அப்படியே இதுதான்.

தொண்டித் தம்பி:

அக்கா, அண்ணன்மார் எல்லாரும் வீட்டில் ஆள் இருக்கிறவர்கள். நான் வேலைக்காக அறை எடுத்துத் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். உலை என் கையில் இல்லை. நான் எதைத் தயார் செய்வது?

உச்சிப்புளி டீச்சர்:

தம்பி, மெஸ்காரரிடம் நேரில் பேசுங்கள், கூச்சமே வேண்டாம். சோறு பாதி, கூட்டு பொரியல் இரண்டு மடங்கு என்று கேட்டால் தெரிந்த முகத்துக்குக் கட்டாயம் வைப்பார்கள். கூடக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். காய்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போங்கள். அறையில் ஒரு மின்சாரக் கெட்டில் வைத்துக்கொண்டால் முட்டை அவித்துக்கொள்ளலாம். இரவு எட்டு மணிக்குப் பரோட்டாக் கடைப் பக்கம் போகிற நண்பர்கள் இருப்பார்கள் இல்லையா, அவர்களிடம் என்ன சொல்வது என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரைக் காலை நடைக்குக் கூப்பிடுங்கள்.