கோட்ஷேர் பயணத்துக்கு மைல் ஏறவில்லை, அவசரம்

ஜன்னலோரம்: ஐரோப்பா போய் வந்து ஏழு வாரம் ஆகிறது, கணக்கில் ஒரு மைல்கூட (பறந்ததற்குக் கம்பெனி தரும் புள்ளி) ஏறவில்லை. டிக்கெட் ஒரு கம்பெனி, பறந்தது இன்னொரு கம்பெனி. கவுண்டரில் கேட்டால் "பார்ட்னர்தான் சார், தானா ஏறிடும்" என்றார்கள். மாசக் கடைசியில், அடிக்கடி பறப்பவர் என்று கிடைத்த என் கோல்டு தகுதி போய்விடும். என்ன செய்வது?

பெட்டிபடுக்கை: எந்தக் கம்பெனி, எந்தத் திட்டத்தின் கோல்டு, டிக்கெட்டில் கட்டண வகைக்கு என்ன எழுத்து? இதெல்லாம் சொல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

ஜன்னலோரம்: பெயர் வேண்டாமே. எகானமி.

மூன்றாம்வரிசை: எகானமி என்பது எழுத்து இல்லை சார். ஒய், பி, எம், க்யூ என்று அதற்குள்ளேயே ஏகப்பட்டது உண்டு, பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஒருவருக்கு முழு மைல், இன்னொருவருக்குக் கால்வாசி, குரூப் டிக்கெட் எடுத்தவருக்குப் பல நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 098 என்றால் ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 176 எமிரேட்ஸ். டிக்கெட்டை யார் கொடுத்தது என்று அதில் தெரிந்துவிடும்.

ரன்வே_ராஜா: இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதுவது? கோட்ஷேர் வேறு, பல கம்பெனிகள் சேர்ந்த கூட்டணி வேறு. கோட்ஷேர் என்றால் ஒருவர் விமானத்தில் இன்னொருவர் தன் எண்ணை ஒட்டி சீட் விற்பது, அவ்வளவுதான். இண்டிகோ 2019-ல் கத்தார் ஏர்வேஸுடன் கோட்ஷேர் போட்டது. கத்தார் ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருக்கிறது என்பதற்காக ஒன்வேர்ல்டு அட்டையை இண்டிகோவில் நீட்டினால் லவுஞ்ச் திறக்காது. இந்த அடிப்படை தெரியாமல் கோல்டு எதற்கு?

பெட்டிபடுக்கை: அவர் கேட்டது மைல், லவுஞ்ச் இல்லை.

மடிப்பாக்கம்_மணி: பார்ட்னர்ஷிப் என்பதே விலையை ஏற்றும் வேலை. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஜெட்புளூவும் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் கைகோத்தார்கள், 2023 மே மாதம் நீதிமன்றமே அது போட்டியைக் கெடுக்கிறது என்று நிறுத்தியது.

மூன்றாம்வரிசை: அங்கே இரண்டு பேரும் ஒரே ஊரில் மோதிக்கொண்டிருந்தவர்கள், அதனால் அப்படி. ஒருவர் விமானத்திலிருந்து இன்னொருவர் விமானத்துக்கு மாறிப் போகும் பயணத்தில் கதை வேறு. தனித்தனியாக விற்றால் இருவரும் தத்தம் லாபத்தை வைப்பார்கள், சேர்ந்து விலை போட்டால் மொத்தம் குறைய வழி உண்டு. இருவரும் நேரடியாகப் பறக்கும் தடத்தில்தான் நமக்கு அடி.

மடிப்பாக்கம்_மணி: குறைய வழி உண்டாம்! என் டிக்கெட்டில் குறையவில்லை.

ரன்வே_ராஜா: விலையோடு தடமும் மாறும். 2013-ல் எமிரேட்ஸுடன் சேர்ந்ததும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் தன் லண்டன் விமானம் நடுவில் நிற்கும் இடத்தைச் சிங்கப்பூரிலிருந்து துபாய்க்கு மாற்றியது, 2018-ல் திரும்பச் சிங்கப்பூருக்கே வந்தது. அந்த ஐந்து வருஷம், சிங்கப்பூரில் இறங்கி ஏற நினைத்தவர்கள் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

அத்தைபிள்ளை: எல்லோரும் எங்கேயோ போய்விட்டீர்கள். அண்ணா, உங்கள் பெயரைப் பாருங்கள். மைல் கணக்கில் "எஸ்" என்று இனிஷியல் மட்டும் போட்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக விரிந்திருக்கிறதா? எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இதே கதை. சொந்தக் கம்பெனி கண்டுகொள்ளாது, பார்ட்னரிடமிருந்து வரும் பயணம் பெயர் பொருந்தாமல் அப்படியே நின்றுவிடும்.

ரன்வே_ராஜா: இனிஷியல் எல்லாம் கட்டுக்கதை. நூற்றுக்குத் தொண்ணூறு கட்டண எழுத்துதான்.

பெட்டிபடுக்கை: அந்தத் தொண்ணூறை எங்கே எண்ணினீர்கள்? ஜன்னலோரம் சார், எதுவாக இருந்தாலும் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். விடுபட்ட மைல் கேட்கும் படிவத்தில் டிக்கெட் எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள். கேட்பதற்குக் கெடு உண்டு, சில திட்டங்களில் ஆறு மாதம். கோல்டு போகும் தேதியையும் அதிலேயே எழுதுங்கள்.

மடிப்பாக்கம்_மணி: விஸ்தாரா விமானக் கம்பெனி இருந்தபோது இந்தத் தலைவலியே இல்லை.

மூன்றாம்வரிசை: 2024 நவம்பர் 12-ல் அது ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது மணி, இன்னும் அழுதுகொண்டிருக்கிறீர்களே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இப்போது ஏர் இந்தியாவில் 25.1 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது, ஏர் இந்தியா 2014-லிருந்தே ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கிறது. விஸ்தாரா எந்தக் கூட்டணியிலும் இருந்ததில்லை.

மடிப்பாக்கம்_மணி: சாப்பாடு நன்றாக இருந்தது.

ஜன்னலோரம்: இனிஷியல்தான். பெயரைச் சரிசெய்ததும் போகும்போது பறந்ததற்கு மைல் ஏறிவிட்டது. திரும்பி வந்ததற்கு "தகுதியில்லாத கட்டணம்" என்று பதில் வந்திருக்கிறது. நன்றி தங்கச்சி.

ரன்வே_ராஜா: எழுத்து என்று நான் சொன்னேனே.

அத்தைபிள்ளை: தங்கச்சி இல்லை அண்ணா, தம்பி. கோல்டு என்ன ஆச்சு?