முழு ஸ்கோர், பார்ட், லீட் ஷீட்: தமிழில் என்ன சொல்லலாம்?

கோவை, இசை ஆசிரியை:
வணக்கம். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மேற்கத்திய இசையை எழுதிய தாளுக்காகக் கடையில் போய் ‘நோட்ஸ் வேணுங்க’ என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வயலின் பிள்ளைக்குத் தன் வரி மட்டும் உள்ள பார்ட் போதும். குழுவை நடத்துபவருக்குத்தான் எல்லாக் கருவிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய ஃபுல் ஸ்கோர். வோக்கல் ஸ்கோரில் பாடும் வரிகள் எல்லாம் முழுதாக இருக்கும், ஆர்கெஸ்ட்ரா மட்டும் பியானோவுக்குச் சுருங்கியிருக்கும். லீட் ஷீட்டில் மெட்டும் பாட்டு வரியும், மேலே கார்டுகளின் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பெயரும். கிட்டார் டேபில் ஆறு கோடும் ஆறு தந்திகள். கிட்டார் கழுத்தில் எந்த ஃப்ரெட்டில், அதாவது எந்தக் கட்டத்தில், விரல் வைக்க வேண்டும் என்பதை எண் சொல்லும். எல்லாவற்றையும் ‘இசைக்குறிப்பு’ என்றே எழுதினால் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்?

பொள்ளாச்சி, கணக்காசிரியர்:
அம்மா, அணிக்கோவைப் பாடத்தில் கிடையாகப் போவது நிரை, மேலிருந்து கீழாக நிற்பது நிரல். பார்ட் ஒரே நிரை, அதனால் தனிநிரை. நடத்துபவர் ஒரே கணத்தில் ஒலிப்பதையெல்லாம் மேலிருந்து கீழாகப் பார்க்கிறார், அதனால் முழுநிரல். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டும் தெரிந்த சொற்கள்.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நிரை என்றால் யாப்பில் அசை. நிரலைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எதற்கு இந்த இரவல்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். குழல்வழி யாழ், யாழ்வழித் தண்ணுமை, தண்ணுமைப் பின்வழி முழவு, முழவொடு கூடிநின்று இசைத்தது ஆமந்திரிகை. கருவிகள் வரிசைப்பட நிற்கும் இந்த அழகைவிட ஸ்கோருக்கு வேறென்ன விளக்கம் வேண்டும்? ‘ஆமந்திரிகை ஏடு’ என்று வையுங்கள். அந்தக் காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நிரம்பை ஊரார், நம் கொங்கு நாட்டவர். நாமே மறந்தால் எப்படி?

தாராபுரம், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ஆமந்திரிகை என்றால் இடக்கை என்னும் தோற்கருவி என்று அகராதியிலேயே இருக்கிறது. ஒரு கருவியின் பெயரை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக்க முடியாது. இன்னொன்று: ஸ்கோரை மூலமாக வைத்துப் பெயர் தேடுவதே சரியில்லை. 1501-இல் வெனிசில் பெட்ருச்சி என்ற அச்சகத்தார் அச்செழுத்துகளைக் கோத்துப் பல குரல் இசையை அச்சிட்டபோது, விரித்த இரு பக்கங்களில் ஒவ்வொரு குரலும் தனித்தனி இடத்தில் நின்றது. அந்த நூற்றாண்டில் குரலுக்கு ஒரு புத்தகம் என்று பிரித்து அச்சிடுவதும் வழக்கம். அச்சில் முதலில் பரவியது தனித்தனி வரிதான், அடுக்கு அன்று. அதனால் தனிநிரையை முதலில் உறுதி செய்யுங்கள்.

திருப்பூர், தேவாலய கொயர் பாடகர்:
எங்கள் கொயரில் பாதிப் பேர் டானிக் சோல்ஃபா எழுத்தை, அதாவது சுரங்களை டோ, ரே, மி என எழுத்தால் குறிக்கும் முறையை, பார்த்துத்தான் பாடுகிறோம். ஆமந்திரிகை என்று அட்டையில் போட்டால் எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள். வோக்கல் ஸ்கோருக்குக் ‘குரல் ஏடு’ போதுமுங்க.

ஈரோடு:
தம்பி, ஏழிசையில் குரல் முதல் சுரம். குரல் ஏடு என்றால் சட்ஜத்துக்கு ஒரு ஏடு என்றாகிவிடும். டேபுக்கு யாரும் ‘நரம்பு’ என்று போட்டுவிடாதீர்கள். பழந்தமிழில் அது தந்தியையும் குறிக்கும், சுரத்தையும் குறிக்கும்.

பொள்ளாச்சி:
இன்று குரல் என்றால் யாருக்குச் சட்ஜம் நினைவுக்கு வருகிறது, ஐயா? பிள்ளைக்குப் புரிய வேண்டாமா?

ஈரோடு:
புரியாததைப் புரியவைக்கத்தான் ஆசிரியர்.

கோவை:
நேரமாகிவிட்டது. முழுநிரல், தனிநிரை, பாடகர் ஏடு, மெட்டுத்தாள், தந்திக்குறிப்பு என்று போடுகிறேன். பக்கத்திலேயே ஸ்கோர், பார்ட் என்று வழக்குச் சொல்லும் வரும். கார்டு கார்டாகவே இருக்கட்டும்.

ஈரோடு:
தனிநிரைக்குச் சம்மதம். முழுநிரலுக்கு இல்லை, அடுத்த பதிப்பிலும் இதையேதான் எழுதுவேன்.

கோபி, கிளாரினெட் கலைஞர்:
இப்போதுதான் பார்த்தேனுங்க. பி ஃப்ளாட் கிளாரினெட் பார்ட் ஒரு முழுச் சுரம் ஏற்றி எழுதியிருக்கும். வயலின்காரர் அதை அப்படியே வாசித்தால் எல்லாம் தவறாகும். அதுவும் வெறும் தனிநிரைதானா, சுரம் மாற்றி எழுதியது என்று தெரியும்படி பண்ணுப்பெயர்த்த நிரை என்று தனிப்பெயர் வேண்டாமா?